வல்லூறுக்கு விட்டுக்கொடுத்த பாறை

எனக்கு ஒரு வல்லூறு மேல் பொறாமை இருந்தது. பறவை மேல் என்ன பொறாமை என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அலவத்துகொடப் பக்கம் உயரமான ஒரு பாறை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் வீட்டுக்காரரும் ஏறுவது அங்கேதான். நான் கயிறு கட்டி ஏறுவேன், அவர் கீழே நின்று கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பார். மற்ற நாளெல்லாம் அவருக்கு அக்குறணையில் இருக்கிற கடையே கதி, வீட்டுக்கு வந்தாலும் காதில் போன். கயிற்றைப் பிடித்தால் மட்டும் அந்த மனுசன் கண் என்னை விட்டு விலகாது. அதுக்காகவே நான் ஏறினேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

அந்தப் பாறையின் நடுவில் ஒரு விளிம்பில் வல்லூறு முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை யாரும் ஏறுவதில்லை என்று அங்கே ஏறுகிற நாங்கள் எல்லோரும் கூடி முடிவெடுத்தோம். நானும்தான் கை தூக்கினேன். யாராவது போய்க் காவல் இருக்கவேண்டும் என்ற பேச்சு வந்தது. "நான் போறேன்" என்றார் இவர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

பிறகென்ன, ஞாயிறு விடிந்தால் பைனாகுலரோடு கிளம்பிவிடுவார். திரும்பி வந்து சோற்றில் கை வைத்தால் அவள் கதைதான். அவள் மைனா பிடித்தாளாம், மழைக்குச் சிறகை விரித்து முட்டையை மூடிக்கொண்டாளாம். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து நான் அவித்த வட்டிலப்பம் முன்னாலேயே இருந்தது, கண்ணில் படவில்லை.

"ரெண்டாம் கலியாணம் முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. அது தொலைந்து போகட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தொலைந்துதான் போனது. விடாமல் பெய்த மழையில் அந்த விளிம்பில் தண்ணீர் கட்டி முட்டை பழுதானது. வல்லூறு இடத்தை விட்டுப் போய்விட்டது. இனி ஏறலாம் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சந்தோசம், மறைப்பானேன்.

அடுத்த ஞாயிறு கயிற்றை நானே எடுத்துவைத்தேன். பாதி ஏறியதும் கை வழுக்கியது. கயிறு உடனே இறுகவில்லை. ஓர் ஆள் உயரம் விழுந்த பிறகுதான் பிடித்தது, முழங்கைத் தோல் உரிந்துவிட்டது. தொங்கிக்கொண்டு கீழே பார்த்தேன். அந்த வெறும் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், கயிறு இழுத்த இழுப்பில் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"இறக்கி விடுங்க" என்றேன்.

கீழே வந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. "பயந்துட்டீங்களா?" என்று கேட்டேன், ஆம் என்று சொல்லட்டும் என்றுதான். அவர் கண் மறுபடி அந்த விளிம்புக்கே போனது. முடிச்சை நானே அவிழ்த்தேன்.