துடைத்த குழாய்

வழவழப்பு என்றாலே அழுகல் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். மேல்மலையில் பூண்டு போடுகிற குடும்பம். ஒரு பல் விரலில் வழுக்கினால் மூட்டையையே அவிழ்த்துக் கொட்டித் தரம் பிரிப்போம்.

ஜீப் கவிழ்ந்து அண்ணன் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தபின், சிறுநீரை வெளியேற்ற மெல்லிய குழாய்கள் வீட்டுக்கு வந்தன. ஒவ்வொரு வேளையும் புதிதாக ஒன்றைப் பிரித்து, சுத்தமான தண்ணீரில் நனைத்து உள்ளே செலுத்த வேண்டும். அம்மாதான் செய்தார். ஆனாலும் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இப்படியே போனால் சிறுநீரகம் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

பாலிமர் பூசிய பரப்புகளில் புரதம் எப்படிப் படிகிறது என்று பார்ப்பதுதான் மதுரை ஆய்வுக்கூடத்தில் என் வேலை. விடுப்பில் வந்திருந்த ஒரு காலையில், நனைத்த குழாயை அம்மா வெந்நீரில் அலசிய துணியால் அழுத்தித் துடைப்பதைக் கண்டேன்.

"ஏம்மா துடைக்கிற?"

"பின்ன? தண்ணி பட்டதும் அழுகுன பூண்டாட்டம் வழுவழுன்னு கெடக்கு. இதையா பிள்ளை ஒடம்புக்குள்ள விடச் சொல்ற?"

கட்டிலிலிருந்து அண்ணன் சிரித்தார். "என்னையும் தரம் பிரிச்சு ஓரமா ஒதுக்கிறாதம்மா."

அந்த வழவழப்புதான் பூச்சு. பாலிமர் இழைகள் நெருக்கமாக நின்று தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நெருங்கி வரும் புரதத்துக்கு ஒட்ட இடம் கிடைக்காது. பூச்சுப் போன பிளாஸ்டிக்கில் புரதம் உடனே படியும், அதன்மேல் கிருமி குடியேறும். துணி பூச்சை உரித்தது. தன்னிடம் இருந்த கிருமியையும் குழாயில் விட்டுச் சென்றது.

இவ்வளவையும் அம்மாவிடம் சொல்லவில்லை. துடைத்த குழாயையும் துடைக்காத ஒன்றையும் நனைத்து, அவருடைய மூடிய கைக்குள் வைத்து இழுக்கச் சொன்னேன். ஒன்று நழுவியது. மற்றது தோலைப் பிடித்தது.

"இது இழுக்குதே," என்றார். சற்றுக் கழித்து, "அப்ப இம்புட்டு நாளும் நான்…"

முடிக்க விடாமல் அண்ணன் காப்பி கேட்டார்.

அதன்பின் அம்மா குழாயை உள்ளே போகாத நுனியில் மட்டும் பிடித்தார். உள்ளே வழுக்கிப் போகிறதா என்று பார்த்து, வழுக்கினால் நிம்மதியடைந்தார். காய்ச்சல் மெல்ல அரிதாகியது.

அண்ணன்தான் முதலில் போவார் என்று வெளியில் சொல்லாமலே நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். போன பனிக்காலத்தில் அம்மா போனார். இப்போது குழாயைத் தானே நனைத்துக்கொண்டு, அண்ணன் இருக்கிறார்.