முத்தியால்பேட்டையில் சுரண்டிப் போட்ட சாலை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர்தான். முத்தியால்பேட்டையில் வீடு வாங்கிய பள்ளித் தோழி கலா, வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். குலுங்கிய குலுக்கலில், "என்னங்க ரோடு இப்பிடி இருக்கு?" என்றேன்.

"கமிஷன் போவ மிச்சத்துலதான ரோடு போடறாங்க? மேலருந்து கீழ வரைக்கும் பங்கு. நாம என்னா பண்ண முடியும்?" என்றார் ஓட்டுநர். நானும் தலையாட்டினேன்.

கலாவின் தெருமுனையில் ஆட்டோ நின்றுவிட்டது. தார்க்கலவை ஏற்றிய லாரியும் ரோடு ரோலரும் நிற்க, முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கலா!

"வாடி, சரியான நேரத்துக்குத்தான் வந்துருக்க. உக்காரு" என்று எனக்கும் ஒரு நாற்காலியைத் தள்ளினாள்.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டுமாம். இவர்களோ அதன் மேலேயே போட வந்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் இப்படியே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, போன ஐப்பசி மழையில் கலாவின் கட்டில்வரை தண்ணீர்.

வேலையைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் கெஞ்சினார். "கலவை ஆறிப்பூடும்மா. குடுக்க வேண்டிய எல்லாருக்கும் குடுத்துட்டுத்தான் வந்துருக்கோம்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மீன் விற்கும் தேவகி அக்கா எழுந்தார். "எல்லாருக்குமா? எங்களுக்கு வரலையே! எங்க பங்குக்கு ரோட்ட சுரண்டிக் குடுத்துடு."

தெருவே சிரித்தது. ரோலர் ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கில் கவிழ்ந்து சிரித்தார். சூப்பர்வைசராலும் அடக்க முடியவில்லை.

கலா நகராட்சிக்கு விடாமல் போன் செய்ததில், பதினொரு மணிக்கு ஓர் இளம் பொறியாளர் ஸ்கூட்டரில் வந்தார். இவரும் பங்காளியாகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். அவர் கலாவின் வாசற்படியருகே குனிந்து பார்த்தார். சாலை, படியைவிட ஒரு சாண் உயரம்.

"சுரண்டிட்டுப் போடுங்க. இல்லன்னா பில்லுல கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார்.

பெண்கள் விசிலடித்தார்கள். நானும் அடித்துப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

லாரி வேறு தெருவுக்குப் போக, மதியம் சுரண்டும் இயந்திரம் வந்தது. கலா வீட்டில் பெரிய குண்டானில் மீன் குழம்பு கொதித்தது. வேலையாட்களுக்கும் சேர்த்து வாசலிலேயே பந்தி. சூப்பர்வைசர் தட்டில் பெரிய வஞ்சிரத் துண்டாகப் பார்த்து வைத்த தேவகி அக்கா, "நல்லா சாப்புடு தம்பி. ரோட்டத்தான் சாப்புடக் கூடாது" என்றார். சூப்பர்வைசருக்குப் புரையேறியது. தண்ணீர் கொடுத்ததும் அக்காதான்.

மறுநாள் காலை புதுத்தார் விழுந்தது. மாலையில் பிள்ளைகள் அதில் சைக்கிள் விட, அவர்களுக்கு வழிவிட்டு நடந்து பஸ் பிடித்தேன்.

விழுப்புரத்தில் எங்கள் தெருவும் வாசலைவிட உயரம்தான். மழை வந்தால் மணல் மூட்டையை அடுக்கி, எல்லாரும் திருடர்கள் என்று திட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வேன். திட்டுவதில் கலா எனக்கு இளைத்தவளில்லை. அவள் தெருவில் உட்கார்ந்து திட்டுகிறாள், அவ்வளவுதான்.