உதவி சீஃப் முக்வானா மகள் வாசிக்கக் கேட்ட விதம்

பொனிஃபேஸ் முக்வானாவின் பதவி உதவி சீஃப். கென்யாவில் கிமிலிலி ஊருக்குக் கிழக்கே அவர் ஆளுகைக்கு உட்பட்ட மூன்று மேட்டுச் சனங்களும் அந்த ‘உதவி’யை அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். நேரில் சீஃப்தான். அவருடைய அதிகாரம் அநேகமாகச் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும்: தேதியைத் திருகி மாற்றக்கூடிய ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஊதா மை. செத்தவரைப் புதைக்கவும், உயிரோடிருக்கும் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போகவும், இன்னார் இன்னாருடைய மகன்தான் என்று அடையாள அட்டை வாங்கவும் அந்த ஸ்டாம்ப் விழுந்தாக வேண்டும்.

வியாழக்கிழமை ஊர்க்கூட்டங்களில் அவருக்குப் பிடித்த தலைப்பு கல்வி. புதுப் பாடத்திட்டம் வந்த பிறகு அதில் தனி வேகம் பிடித்திருந்தது.

“பிள்ளைய பள்ளிக்கூடத்துல தள்ளிவிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. இப்ப பாதி வாத்தியார் நீங்கதான். தினமும் இருபது நிமிஷம் பிள்ளை வாசிக்கிறத உக்காந்து கேக்கணும். கேக்காத தகப்பன் தகப்பனே இல்ல” என்பார். சனங்கள் கை தட்டுவார்கள். கை தட்டினால் கூட்டம் சீக்கிரம் முடியும் என்பது அவர்கள் அனுபவம்.

அவருடைய மகள் நெலிமா முதல் வகுப்பில் இருந்தாள். அவள் வாசித்து அவர் கேட்டதில்லை. நேரமில்லை, பிறத்தியார் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசவே பொழுது சரியாக இருந்தது. ஆனால் அவளுடைய பள்ளி டயரியில் தினமும் ஒரு கட்டம் காத்திருக்கும்: ‘பிள்ளை இருபது நிமிடம் வாசித்ததைக் கேட்டேன்.’ அதற்கு எதிரே பெற்றோர் கையெழுத்து. ஒருநாள் மாலை பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்து, ஊதி, கட்டத்தில் ஒரு குத்து.

மறுநாள் ரோஸ்லிடா டீச்சர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நெலிமாவின் நெற்றியில் ஒரு நட்சத்திரம் ஒட்டினார். அரசாங்க முத்திரையோடு ஒருவர் பொய் சொல்லுவார் என்று நினைக்கும் அளவுக்கு அவர் கெட்டவரல்ல. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மற்றப் பிள்ளைகளின் டயரிகளில் இருந்த கோணல் கையெழுத்துகளைக் காட்டி, “இதெல்லாம் யார் போட்டதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றும் கேட்டுவைத்தார்.

அன்று மாலையே பைக் டாக்ஸி ஓட்டும் சிகுகு தன் மகனை இழுத்துக்கொண்டு வந்து நின்றான்.

“சீஃப், இவன் டயரியிலயும் ஒண்ணு போட்டுவிடுங்க.”

“வாசிச்சானா?”

“சீஃப் வீட்டுப் பிள்ளை எவ்வளவு வாசிச்சுதோ அவ்வளவு வாசிச்சான்.”

முக்வானா அதற்குமேல் விசாரிக்கவில்லை. வாரம் முடிவதற்குள் முதல் வகுப்பில் பதினோரு பிள்ளைகள் சாயங்காலம் ஐந்தரைக்கு டயரியும் புத்தகமுமாக அவர் வாசலுக்கு வந்தார்கள். பெற்றோருக்குப் பெரிய நிம்மதி. கேட்க வேண்டிய இருபது நிமிடமும் மிச்சம், கையெழுத்தும் மிச்சம்.

ஆனால் வந்தவுடன் ஸ்டாம்ப் குத்திவிடுவது முறையல்ல. கேட்டதும் கிடைக்கிற இடத்தை ஆபீஸ் என்று எவன் மதிப்பான்? ஆகவே பிள்ளைகள் கொய்யா மரத்தடி பெஞ்சில் காத்திருப்பார்கள். சீஃப் உள்ளே டீ குடிப்பார், வேர்க்கடலை கொறிப்பார், ரேடியோவில் செய்தி முழுவதையும், பிறகு மரண அறிவிப்புகளையும் கேட்பார். முக்கால் மணிநேரம் ஆகும். வெளியே சலசலப்பு அதிகமானால் ஜன்னலுக்கு வந்து, “சத்தம் போடாதீங்க, இது ஆபீஸ்” என்று அதட்டுவார். சத்தம் முணுமுணுப்பாக இறங்கும்.

இப்படியே ஒரு பருவம் ஓடியது. அப்போதுதான் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை வாசிப்பு நாள். பெற்றோர் ஒருவரும் பிள்ளையும் எல்லார் முன்பும் ஒன்றாக உட்கார்ந்து, மாறி மாறி வாசித்து, வீட்டில் எப்படி நடக்கிறது என்று காட்ட வேண்டும். ஒருநாள் விடாமல் முத்திரை பெற்ற டயரி என்பதால் முதலில் நெலிமாவும் சீஃபும்.

அன்று மாலை முக்வானா மகளை உள்ளே கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“நான் என்ன பண்ணேன் பாபா?”

“ஒண்ணும் பண்ணல. வாசி. கேக்கிறேன்.”

நெலிமா தாயைப் பார்த்தாள். கொலெட்டா கீரை நறுக்குவதை நிறுத்திவிட்டாள். வேடிக்கை பார்ப்பதற்குத்தான்.

பிள்ளை வாசித்தாள். ஒரு வாத்து சந்தைக்குப் போய்த் தொலைந்துபோன கதை. விரலை வரிக்கடியில் நகர்த்தி, தடுக்கிய இடத்தில் நின்று, திரும்பப் பிடித்துக்கொண்டு, மூன்று பக்கம் முடித்து, நாலாம் பக்கத்தில் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள். “இப்ப நீங்க.”

சீஃபுக்கு மகள் வாசித்தது ஆச்சரியம். தன்னால் முடியாதது அதைவிட ஆச்சரியம். புத்தகம் புகுசு மொழியில் இருந்தது. சின்ன வகுப்புகளுக்கு இப்போது அப்படித்தான். அந்த மொழியில் அவர் நிலத்தகராறு தீர்ப்பார், கெட்ட வார்த்தை சொல்வார், கனவு காண்பார். ஆனால் அவர் படித்த காலத்தில் பள்ளியில் அதைப் பேசினால் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். வாசித்ததெல்லாம் இங்கிலீஷும் ஸ்வாஹிலியும். தினமும் வாயில் புரளும் சொற்கள் அச்சில் வரிசை கட்டி நின்றபோது ஒன்றையும் அடையாளம் காண முடியவில்லை.

“கண்ணாடி எங்க?” என்றார்.

“மூக்கு மேல” என்றாள் கொலெட்டா.

மகளிடம் கேட்டிருக்கலாம். நாலு நாளில் அவளே பழக்கிவிட்டிருப்பாள். ஆனால் முதல் வகுப்புப் பிள்ளையிடம் எழுத்துக்கூட்டக் கற்றவர் வியாழக்கிழமை எந்த முகத்தோடு பேசுவார்? அவர் வேறு வழி கண்டுபிடித்தார். பிள்ளை தூங்கியபின், சர்ச்சில் புகுசுப் பாட்டுப் புத்தகம் பார்த்துப் பாடிப் பழகிய மனைவியை நாலாம் பக்கத்தை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார். உலகமெங்கும் வாசிக்கத் தெரியாத ஆறு வயதுக்காரர்கள் கண்டுபிடிக்கும் அதே வழிதான்.

வெள்ளிக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. சிகுகு பைக்கை ஓரமாக நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான். நெலிமா மூன்றாம் பக்கத்தை முடித்தாள். சீஃப் கோட்டைச் சரிசெய்து, புத்தகத்தைத் தூரப் பிடித்துக்கொண்டு, கணீரென்று நாலாம் பக்கத்தைச் சொன்னார். ஏற்ற இறக்கம் எல்லாம் இருந்தது. ஊர் வியந்தது. அந்த வியப்பு ரோஸ்லிடா டீச்சரையும் தொற்றிக்கொண்டதுதான் வினை.

“அருமை சீஃப். இன்னும் ஒரு பக்கம். இதோ, ஒன்பதாம் பக்கம்” என்று அவரே புரட்டிக் கொடுத்தார்.

சீஃப் படத்தைப் பார்த்தார். ஒரு வாத்து, ஒரு போலீஸ்காரர். தொண்டையைச் செருமினார். வேறெதுவும் வராததால், நாலாம் பக்கத்தையே இன்னும் கம்பீரமாகத் தொடங்கினார்.

நெலிமா மெதுவாகச் சொன்னாள்: “பாபா, அது முன்னாடியே சொல்லிட்டீங்க. இது ஒன்பது.”

மெதுவாகத்தான் சொன்னாள். மைதானம் அவ்வளவு அமைதியாக இருந்தது அவள் குற்றமல்ல.

டீச்சர் குனிந்து, “வீட்ல நீ வாசிக்கிறத யாரும்மா கேப்பாங்க?” என்றார்.

“பெஞ்சுல எல்லாரும் கேப்பாங்க டீச்சர். பாபா ஸ்டாம்ப் போட நேரமாகும்ல, அதுவரைக்கும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாசிப்போம். தப்பா வாசிச்சா வரிசையில கடைசிக்குப் போகணும்.”

சிகுகுதான் முதலில் சிரித்தான். தன் மகன் வாசிப்பதன் ரகசியம் அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது என்பதை அந்தச் சிரிப்பிலேயே மறைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து உத்தரவு வந்தது: டயரியில் ஸ்டாம்ப் செல்லாது; ஒவ்வொரு பெற்றோரும் தம் வீட்டிலேயே கேட்டுக் கையெழுத்திட வேண்டும். முறைப்படி பார்த்தால் சரியான உத்தரவு. அன்றே பதினோரு வீட்டிலும் கையெழுத்து விழுந்தது. ஒரு வீட்டிலும் வாசிப்பு நடக்கவில்லை.

வியாழக்கிழமை கூட்டத்தில் முக்வானா, “பிள்ளைகளோட படிப்பு…” என்று ஆரம்பித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் பணிவாகக் கேட்டது. “எத்தனாம் பக்கம் சீஃப்?” அவர் அன்று பேச்சை மலேரியாவுக்கு மாற்றிக்கொண்டார். அடுத்த வியாழன் சாக்கடைக்கு. கல்வி இல்லாத பேச்சு கீரையில்லாத உகாலிக்களி மாதிரி இருந்தது. ஆற்றோர வரப்புத் தகராறைத் தீர்க்கப் போன இடத்தில் ஒரு கிழவன், “காகிதத்த வேற யாராச்சும் படிக்கட்டும்” என்றுவிட்டான். இருபத்தோரு வருட சர்வீஸில் அப்படி ஒரு சொல் கேட்டதில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவர், “நெலிமா எங்க?” என்று கேட்டார்.

“மில்லுல. சோளம் அரைக்க அனுப்பினேன்” என்றாள் கொலெட்டா.

“நேத்தும் மில்லு, முந்தாநேத்தும் மில்லு. நம்ம வீட்ல மூணு பேர் அவ்வளவு மாவா திங்கிறோம்?”

“போய்ப் பாருங்களேன்.”

போனார். மில்லுக்கு வெளியே டின்களும் வாளிகளுமாகப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தெரிந்த முகங்கள், பழைய பெஞ்சுப் பிள்ளைகள். இங்கே யாரும் சத்தம் போடாதே என்று அதட்டுவதில்லை. எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமானால் கத்தித்தான் வாசிக்க வேண்டும். சிகுகுவின் மகன் வாத்தைப் போலீஸ்காரரிடம் கொண்டுபோய்விட்டிருந்தான்.

சீஃபைக் கண்டதும் பெரியவர்கள் வழக்கம்போல் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவரும் வழக்கம்போல் நேரே முன்னால் நடந்து, புத்தகத்துக்குக் கையை நீட்டினார்.

“ஒன்பதாம் பக்கம்” என்றார். குரல் ஊர்க்கூட்டத்துக் குரலாக இல்லை.

நெலிமா புத்தகத்தைத் தரவில்லை. வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது பேர் நின்றார்கள்.

“குறுக்க வராதீங்க பாபா. கடைசில நில்லுங்க.”

முக்வானா சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை; ஆனால் எல்லார் முகத்திலும் மாவு படிந்திருந்ததால் அதை நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவர் வாளி இல்லாத கையோடு போய், மூக்கொழுகிக்கொண்டிருந்த கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் நின்றார்.