முன்வரிசை நாற்காலிகள்

முன்னாள் படைவீரர் சங்கத்தில் டைப்பிஸ்ட் வேலை என்றால் பாதி நாள் தட்டச்சு, மீதி நாள் அடுத்தவர் புருஷனுக்கு மாலை வாங்குவது. விசேஷ வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் ஆறிய சோறு தின்றவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

என் கணவரும் ராணுவத்தில் இருந்தவர்தான். எல்லையில் நின்றவர், ஓய்வுபெற்றுத் திருப்பூர் வந்து, மஞ்சள்காமாலையில் வீட்டுக் கட்டிலில் போய்விட்டார். சங்கத்து வாசலில் இருக்கும் கல்லில் போரில் இறந்தவர்களின் பெயர்கள் மட்டும்தான். அவர் பெயரையும் ஓர் ஓரத்தில் வெட்டச் சொல்லி வருடாவருடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளை உறை

நினைவு தினத்தன்று கல்லில் பெயர் உள்ளவர்களின் குடும்பத்துக்கு முன்வரிசை. அந்த நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டுவது நான். வீரபாண்டியிலிருந்து மரகதம் வருவாள்; அவள் புருஷன் பெயர் கல்லில் இருக்கிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். அன்று மட்டும் வருகிற பெரிய மனிதர்களெல்லாம் அவளைக் கும்பிடுவார்கள். ஒரு வருடம், கால் வலிக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, நான் உறை போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சுபேதாராக இருந்த எங்கள் செயலாளர் அருகில் வந்து, காதோடு சொன்னார்.

"அம்மணி, அது கல்லுல பேரு இருக்கறவங்களுக்குங்க. நீங்க நம்ம ஆளு, நின்னுக்கலாமுங்க."

தொங்கிய பதக்கம்

இன்னொரு வருடம் ஒரு கம்பெனிக்காரர் ஊர்வலத்துக்கு டீ-ஷர்ட் மாதிரியான வெள்ளைப் பனியன்கள் கொடுத்தார். ஆண்கள் அப்படியே போட்டுக்கொள்ள, பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். பதக்கத்தைக் குத்தியதும் பின்னல் துணி இழுபட்டு, மார்பில் இருக்க வேண்டியது வயிற்றுக்கு இறங்கிவிட்டது. ஊரே பனியன் தைக்கிறது. இது ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் உள்பக்கம் கெட்டித்துணி வைத்துத் தைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

மரகதத்தின் புருஷன் பதக்கம் கையில் கனத்தது. சும்மா ஒருமுறை என் மார்பில் வைத்துப் பார்த்தேன். பிறகு அவள் பனியனில் தைத்தேன். தைத்ததன் மேலேயே மறுபடியும் தைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்கக்கா, குடுக்க மனசில்லீங்களா?"

ஈரத்துணி

தொண்ணூறுகளில் ஒரு வருடம் செயற்குழு முடிவாகச் சொல்லிவிட்டது, நோயில் இறந்தவர்களுக்குக் கல்லில் இடமில்லை என்று. மறுநாளே நினைவு தினத்துக்காகக் கல்லைக் கழுவ வேண்டியிருந்தது. நான் வாளியோடு நின்றேன். மரகதம் ஈரத்துணியால் தன் புருஷன் பெயரை எழுத்தெழுத்தாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொறுக்கவில்லை. உனக்குத் துடைக்க ஒரு பெயராவது இருக்கிறதே என்று கேட்டுவிட்டேன். அவள் திரும்பவில்லை. துணியைப் பிழிந்தாள்.

"உங்க ஊட்டுக்காரருக்குக் கடைசித் தண்ணி நீங்க ஊத்துனீங்க. மூஞ்சி தொடச்சுவுட்டீங்க. எனக்கு ஒரு தந்திதானுங்க வந்துச்சு. நான் இதத்தானுங்கக்கா தொடைக்கோணும்."

அதன்பிறகு வருடந்தோறும் நாங்கள் இருவரும் ஒருத்தி மேல் ஒருத்தி பொறாமைப்பட்டுக்கொண்டே அந்தக் கல்லைக் கழுவினோம். சங்கத்தில் அதைவிடச் சுத்தமான பொருள் வேறு எதுவும் இருந்ததில்லை.