பன்னிரண்டாவது கல்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மில்லில் அரிசி மாவு அரைத்துக்கொண்டு வந்து, கூடத்தில் பழைய பேப்பரை விரித்து ஆறப்போட்டாள். சூடு ஆறாத மாவுக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்குத் தெரியாததா. மற்றவர்களுக்கு அதை முகர்ந்தால் முறுக்கோ இடியாப்பமோ ஞாபகம் வரும். எனக்குக் கோயில் மண்டபத் தூண்கள் ஞாபகம் வரும். என்னையறியாமல் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். "மாவுல இன்னா வெளாட்டு, கைய கழுவனியா?" என்று அதட்டல் வந்தது. அவளுக்கு இந்தக் கதையை நான் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன், மனசோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்ந்துபோன கல்லெழுத்தின்மேல் மாவைத் தேய்த்து லேசாக ஊதினால், பள்ளத்தில் மட்டும் மாவு தங்கி எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். இப்போது அப்படிச் செய்தால் உதைக்க வருவார்கள். நான் திருப்பதியில் எம்.ஏ. சரித்திரம் படித்த காலத்தில் யாரும் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் பையில் அரை கிலோ மாவோடு பஸ் ஏறினோம். நான் ஒருவன், மாலினி ஒருத்தி.

மாலினி மொரீஷியஸிலிருந்து எங்கள் வகுப்பில் சேர்ந்தவள். நாலு தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழ்க் குடும்பம். ஆங்கிலம் பேசுவாள், அவர்கள் ஊர் கிரியோல் பேசுவாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது நாலு முருகன் பாட்டு, அதுவும் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தது. பூர்வீகத்தைத் தேடி வந்தாயா என்று பார்க்கிறவர்களெல்லாம் கண் கலங்கக் கேட்பார்கள். இல்லை, உதவித்தொகை இந்த ஊருக்குத்தான் கிடைத்தது என்பாள். கேட்டவர் முகம் தொங்கிப்போகும்.

அவள் அம்மா அங்கே சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை. அப்பா இல்லை. முதல் வருஷ புராஜெக்ட் தேறினால்தான் இரண்டாம் வருஷ உதவித்தொகை, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்கள் சார் அவளுக்குக் கொடுத்த புராஜெக்ட் என்னவென்றால், சித்தூர் ஜில்லா மெட்ராஸோடு இருந்த காலத்தில் கட்டிய சத்திரம், மண்டபங்களில் இருக்கும் தமிழ் தர்மக் கற்கள். இன்ன மண்டபம் இன்னாருடைய தர்மம் என்று செதுக்கியிருப்பார்களே, அவை. பன்னிரண்டு கல் வேண்டும், படம் வேண்டும், படித்து எழுதவும் வேண்டும். "தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க யாருப்பா?" என்று சார் கேட்டார். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. அவர்களுக்கு நான் 'அரவ அப்பாயி', தமிழ்ப் பையன். நான் தலையாட்டினேன்.

எனக்குத் தமிழ் படிக்க வராது.

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. நகரிக்குப் பக்கத்துக் கிராமம், வீட்டில் தமிழ், கழனியில் தமிழ், சண்டை போட்டால் சுத்தத் தமிழ். பள்ளிக்கூடம் மட்டும் தெலுங்கு மீடியம். பதினைந்து வருஷம் தெலுங்கில் படித்து, எம்.ஏ.வை மட்டும் இங்கிலீஷில் எழுதியவன் நான். திருத்தணி பஸ் ஸ்டாண்டில் போர்டைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, "கண்ணாடி எட்த்தார மறந்துட்டேன், இது இன்னா பஸ்ணா?" என்று கேட்பேன். கண்ணாடி நான் போட்டதே இல்லை. திருத்தணி அத்தை வீட்டில் என்னைத் தெலுங்குக்காரன் என்பார்கள், திருப்பதியில் தமிழன் என்பார்கள். அந்த வகுப்பில்தான் முதல் தடவையாகத் தமிழன் என்பதற்காக என்னை ஒருவருக்கு வேண்டியிருந்தது. அதுவும் அவளுக்கு. எப்படி இல்லை என்பேன், சொல்லுங்கள்.

முதல் ஞாயிறு சந்திரகிரி. கோட்டையில் இங்கிலீஷ் போர்டுதான், பிழைத்தேன். படியில் உட்கார்ந்து கட்டுச்சோறு துன்னோம். எங்கம்மா போட்ட கோங்குரா ஊறுகாய்க்கு வெளியூர்க்காரர்கள் கண்ணீர் விடுவார்கள் என்று வேடிக்கை பார்க்கக் காத்திருந்தேன். அவள் பையிலிருந்து பச்சைமிளகாயை எடுத்து ஊறுகாயைத் தொட்டுக் கடித்தாள். எனக்குத்தான் விக்கல் எடுத்தது.

அடுத்த வாரம் நாராயணவனம். புத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் பாதிப் பேர் கையில் மூங்கில் வைத்துக் கட்டு. ஏதாவது கலவரமா என்று பயந்துபோய்க் கேட்டாள். புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டுகிறார்கள், நாலு மாநிலத்திலிருந்தும் வருவார்கள் என்று விளக்கினேன். இது ஒன்றாவது உண்மையாகச் சொன்னேனே.

அங்கே முதல் கல். மாவைத் தேய்த்து ஊதினாள், எழுத்து பளிச்சென்று எழுந்தது, நோட்டுப் புத்தகத்தோடு என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு எல்லாம் ஜிலேபி. வாய் கூசாமல் ஆரம்பித்தேன்: "இந்த மண்டபம்... முனுசாமி... உபயம்." முனுசாமி என் பெரிய மாமா. பொய் சொல்லக்கூட ஒரு பேர் வேண்டுமல்லவா, அவசரத்துக்குக் கிடைத்தது சொந்தக்காரர்கள்தான். அதற்கப்புறம் நாகலாபுரம், கார்வேட்டிநகரம், காளஹஸ்தி என்று ஊர் ஊராக எங்கள் வம்சம் தர்மம் செய்துகொண்டே போனது. சித்தப்பா சத்திரம் கட்டினார். பெரியப்பா கிணறு வெட்டினார். பால்காரர் கோவிந்தசாமி நந்தவனம் வைத்தார். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஞாயிறுகள் போல் சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

நாலாம் மாதம், நாகலாபுரத்துக்கு இரண்டாம் தடவை போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜன்னலோரம் அவள். சார் அறிக்கையைத் தமிழ்த் துறைப் பேராசிரியருக்கு அனுப்பிப் படத்தோடு ஒத்துப்பார்க்கச் சொல்லப்போகிறாராம், தனக்குக் கொஞ்சமும் கவலை இல்லையாம். அடுத்த வருஷமும் இருப்பேன் என்று அம்மாவுக்கு எழுதியே விட்டாளாம். நன்றிப் பக்கத்தில் அம்மா பேருக்கு அடுத்தது என் பேர்தான் என்றாள். இருபது நாள்தான் பாக்கி. இனியும் மறைத்தால் அவள் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று தெரிந்ததும் சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது, எல்லாம் புளுகு.

அவள் கத்தவில்லை. நோட்டைத் திறந்து மடியில் வைத்து, ஒவ்வொரு பேராக விரல் வைத்தாள். என்னோடு பழகி உறவுமுறையெல்லாம் தெரிந்துவைத்திருந்தாள்.

"இது?"

"பெரிய மாமா."

"இது?"

"நைனாவோட அண்ணன்."

"இந்த கோவிந்தசாமி?"

"பால் ஊத்தறவரு."

நோட்டை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புத்தூர் வந்தது, ரேணிகுண்டா வந்தது. திருப்பதியில் இறங்கும்போது, நாளைக் காலை ஒன்பதுக்கு லைப்ரரிக்கு வா, முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள். நான் ஆசிரியன் இல்லையே என்றேன். தெரியும், நீயும் மாணவன்தான் என்றாள்.

அன்றைக்கே திருத்தணிக்கு ஓடி ஒண்ணாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இரண்டு கேட்டேன். "ரெட்டப் புள்ளயா சார்?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன், பொய்யோடு பொய். அ, ஆ எழுதிப் பழகினோம். நான்கே நாளில் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் தெலுங்கு எழுத்து குறுக்கே வந்து நிற்கும். ஆனால் ஒன்று, அவள் திக்கித் திக்கிச் சத்தத்தைக் கூட்டுவாள், அர்த்தம் எனக்குத்தான் விளங்கும். அவள் "தர்...ம...ம்" என்று முடிக்கும்போது நான் "தர்மம்!" என்று கத்துவேன். லைப்ரரிக்காரர் இரண்டு தடவை வெளியே அனுப்பினார்.

பழைய கற்களில் சில எழுத்து வேறு மாதிரி. அந்தக்கால 'லை'க்குத் தும்பிக்கை மாதிரி மேலே ஒரு சுழி, எங்கள் ஒண்ணாம் வகுப்புப் புத்தகத்தில் அது இல்லை. படங்களை ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேன். நைனா, எங்கப்பாதான், எட்டாவது வரை தமிழ் மீடியம் படித்தவர். களத்துமேட்டில் நின்றபடியே கடகடவென்று படித்தார். பக்கத்தில் என் பழைய குறிப்பையும் பார்த்துவிட்டார். "உங்க மாமன் மண்டபம் கட்னானா? செருப்பு வுட காசு கேப்பாங்கன்னு வெறுங்கால்ல கோயிலுக்குப் போறவன்டா அவன்." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அன்றைக்கெல்லாம் சிரித்துக்கினே இருந்தார்.

பதினொன்று தேறியது. பன்னிரண்டாவது கல் எந்த ஊரில் என்று சொல்லமாட்டேன், கேட்காதீர்கள். திரும்பப் போய்ப் பார்த்தோம். அரை கிலோ மாவையும் தேய்த்தோம். ஆனால் ஆள் சாய்ந்து சாய்ந்து எண்ணெய் ஏறி வழவழத்த கல், 'தர்மம்' என்ற வார்த்தையைத் தவிர ஒன்றும் எழவில்லை. மறுநாள் ஒப்படைக்க வேண்டும். படிக்க முடியவில்லை என்று எழுதிவிடலாம் என்றேன். புதிதாகத் திருந்தியவனுக்கு நேர்மை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். அவள் தூணடியில் உட்கார்ந்து யோசித்தாள். அப்புறம் என் பாஷையிலேயே சொன்னாள்:

"உங்க மாமாங்கோ மட்டும்தான் தர்மம் பண்ணுவாங்களா? எங்க ஆளுக்கு ஒண்ணு குடு."

அவர்கள் குடும்பத்திலிருந்து முதலில் கப்பலேறியவள் குப்பம்மா. வடஆற்காடு ஜில்லா என்று அங்கே ஒரு பழைய காகிதத்தில் இருக்கிறதாம், அதற்குமேல் ஊர் கிடையாது, அப்பன் பேர் கிடையாது, ஒரு நம்பர்தான். இந்தச் சித்தூரும் அன்றைக்கு வடஆற்காட்டில் சேர்ந்ததுதானே. அதுவரைக்கும் அவள் அந்தப் பேரை என்னிடம் சொன்னதே இல்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தை தங்காமல் போய்க்கொண்டே இருந்தால், அடுத்ததற்கு எமன் கண்ணில் படாமலிருக்கக் குப்பையில் போட்டு எடுத்து அந்தப் பேர் வைப்பார்கள் என்று சொன்னேன். அவள் நோட்டை என் பக்கம் நகர்த்தினாள். நான் பேனாவை எடுத்து, "இந்த மண்டபம் குப்பம்மா தர்மம்" என்று எழுதினேன். என் கையால் நான் தமிழில் எழுதிய முதல் முழு வாக்கியம் அது.

நேர்முகத் தேர்வுக்குத் தமிழ்ப் பேராசிரியர் வந்தார். அவள் என்னிடம் கற்ற தமிழில் மரியாதையாக, "துன்ட்டீங்களா சார்?" என்று கேட்டதில் மனிதர் ஆடிப்போய்விட்டார். படத்தையும் எழுத்தையும் ஒத்துப்பார்த்துக்கொண்டே வந்தவர் பன்னிரண்டாவதில் நின்றார். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு உயிர் இல்லை. கல் தேய்ந்திருந்தாலும் நேரில் போய்ப் படித்திருக்கிறீர்கள், தனி ஒரு பெண்ணின் தர்மம், இந்தப் பக்கத்தில் அபூர்வம் என்று அதைத்தான் ரொம்பப் பாராட்டினாராம். உதவித்தொகை வந்தது, அறிக்கையைத் துறை சின்னப் புத்தகமாகவும் போட்டது. அடுத்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்கு இருந்தன. அப்புறம் அவள் ஊருக்குப் போனாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது, சொல்லவில்லை. சொல்லாததில் குறையும் இல்லை. இப்போது அவள் அங்கே பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள், பொங்கலுக்கு மெசேஜ் வரும்.

அந்தக் கற்கள்தான் போய்விட்டன. ஒன்றின்மேல் எனாமல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு சத்திரத்தை இடித்து செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள், கல் எங்கே போனதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. போன தை மாதம் மனைவியோடு அந்தப் பன்னிரண்டாவது கல் ஊருக்கும் போனேன். மண்டபம் முழுக்கக் கிரானைட் ஒட்டிவிட்டார்கள், சாய்ந்தால் முதுகு வழுக்குகிறது. கல் இருந்த தூணில் ஆளுயரத்துக்குப் புதுப் பலகை, தங்க எழுத்து. தெலுங்கிலும் தமிழிலும், மண்டபத்தைக் கட்டிய புண்ணியவதி குப்பம்மா என்று இருந்தது. இந்தப் பேர் எங்கே கிடைத்தது என்று அங்கிருந்தவரைக் கேட்டேன். "யூனிவர்சிட்டி புக்குல இருக்குதே சார்" என்றார் பெருமையாக. பூ வைத்திருந்தார்கள், விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

படம் எடுத்து மாலினிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள், சிரித்தாளோ அழுதாளோ, இரண்டும் கலந்து ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அவளே கேட்டாள், அடியில் இருந்த நிஜப் பேர் யாருடையதாக இருக்கும் என்று. உண்மையைச் சொல்லிப் பலகையை எடுக்க வைத்தாலும் வைப்பதற்கு வேறு பேர் என்னிடம் கிடையாது.

"யாருங்க இந்தக் குப்பம்மா?" என்றாள் மனைவி.

"நமக்கு வேண்டப்பட்டவங்க."

அவள் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் கும்பிட்டேன். குப்பம்மாவை இல்லை. எந்தக் கழனியை விற்று அந்த மண்டபத்தைக் கட்டினாரோ, கிரானைட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த மனிதரை, பேர் சொல்லி மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லாமல், சும்மா கும்பிட்டேன்.