முழுக்கல் கட்டிய அறை

எங்கள் பகுதியில் முதலில் அறை எழும்பும். பிறகு அதற்கு டைல்ஸ் வாங்குவார்கள். பிறகு ஓரமெல்லாம் வெட்டிக் குப்பையில் கொட்டுவார்கள். உலகம் தோன்றிய நாள் முதல் நிலவிவந்த இந்த ஒழுங்கைக் குலைக்கவென்றே பிறந்தவர், கட்டட வரைபடம் போடும் ஒரு பெண்மணி. டைல்ஸைப் பார்த்துவிட்டுத்தான் அறையை வரைவார். ஜன்னல் கேட்டாலும், செங்கல்லை உடைக்காமல் எங்கே வைக்க முடியுமோ அங்கேதான் கிடைக்கும். 'முழுக்கல்' என்பது நாங்கள் சூட்டிய பட்டம்.

அவருக்குச் சோதனையாக வந்தது சொந்த அக்காவின் வீடு. அத்தான் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"கீழ் அறையில ஒரே ஒரு டைல்ஸை வெட்டினாக்கூட மாடிக்கு வேற ஆளைப் பார்த்துக்குவேன். சொந்தம் வேற, சுவர் வேற."

"வெட்டுற மெஷினையே உள்ள விடமாட்டேன் அத்தான்."

"கட்டிலுக்கு அரை அடி கூடக் கேட்டேனே?"

"கட்டிலை வெட்டிக்குங்க."

சுவர் எழுந்தது. வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்தார் நாங்கள் கூடியிருந்தோம். முழுக்கல் தரையில் ஒரு வரிசை டைல்ஸைப் பரப்பிக் காட்டினார். சுவருக்குச் சுவர் அளவெடுத்த சட்டைபோல் பொருந்தியது. அக்கா கைதட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கொத்தனார் கலவைச் சட்டியோடு வந்தார்.

"பூச்சு வேலையை ஆரம்பிக்கலாமா மேடம்?"

முழுக்கல்லின் முகம் கலவை நிறத்துக்கு மாறியது. செங்கல்லையும் டைல்ஸையும் கணக்கில் எடுத்த மேதை, சுவர்மேல் பூசும் சிமெண்டை மறந்திருந்தார். பூசினால் அறை சுருங்கும். ஓர வரிசை முழுவதும் வெட்டுப்படும்.

அத்தானின் முகத்தில் அப்படியொரு களை. "என்னம்மா, மெஷினைக் கொண்டாரச் சொல்லவா?"

முழுக்கல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "பூச வேண்டாம்."

"வீட்டைச் சட்டையில்லாம விடப்போறியா?"

"நல்லாப் பாருங்க அத்தான். இதுக்குச் சட்டை எதுக்கு?"

பார்த்தோம். எங்கள் வீடுகளில் பூச்சு என்பது கோணல்களைப் போர்த்திய போர்வை. இங்கே உடைசலோ ஒட்டோ கண்ணில் படவில்லை. தறியில் நெய்ததுபோல் வரிசை வரிசையாக ஓடி, ஜன்னலில் நின்று, மறுபக்கம் பிசகாமல் தொடர்ந்தன கற்கள். வெயில் மெல்ல அவற்றின்மேல் நகர்ந்தது. சுவரைக் கட்டிய கொத்தனாரே சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாய்பிளந்து நின்றார்.

வெட்டுக் கழிவை அள்ள அத்தான் முன்கூட்டியே வரச்சொல்லியிருந்த லாரி வாசலில் ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை. உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"மாடிக்கும் இதே மாதிரிதானே?"

"டைல்ஸை முதல்ல காட்டுங்க," என்றார் முழுக்கல்.