எண்ணெய்ப் படலத்தில் ஒட்டிய நீர்த்தெள்ளுகள்

ஆலங்குடியில் என் தாய்மாமனுக்கு ஒரு எண்ணெய் ஆலை இருக்கிறது. அதன் பின்புறத் தகரக் கொட்டகையில் தேங்காய் எண்ணெயோடு ஆல்கஹால் சேர்த்துக் காய்ச்சி, கொழுப்பு அமில எஸ்டர் என்ற மெல்லிய எண்ணெயைத் தயாரிக்க ஆரம்பித்திருந்தார். பூச்சிமருந்தோடு இதைக் கலந்து அடித்தால் மருந்து இலையில் வழியாமல் பிடித்துக்கொள்ளும். கடலைக்கு மருந்தடிப்பவர்கள் இதை ஒட்டுப்பசை என்பார்கள்.

நான் அப்போதுதான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வுக்குச் சேர்ந்து, தலைப்புக் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தேன். மாமா ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஆத்தா, இது தேங்காயெண்ணெதான். பச்சப்புள்ளைக்கே தேய்க்கிறோம். கம்மாயில கெடக்குற பூச்சிய இது என்ன செஞ்சிரப் போகுது? ஒண்ணும் செய்யாதுன்னு காலேஜுல எழுதி வாங்கிக் குடு.”

“சோதிச்சுப் பாத்துட்டுத்தான் எழுத முடியும் மாமா.”

“பாரேன், யாரு வேணாங்குறா?”

என் வழிகாட்டியான பேராசிரியைக்கும் தலைப்புப் பிடித்துப்போனது. ஒரு பொருள் தண்ணீரில் கலந்த உடனே உயிரைக் கொல்கிறதா என்பது எளிய கேள்வி. கொல்லாமல் விட்டாலும், அந்தத் தண்ணீரிலேயே மூன்று வாரம் கிடக்கிற உயிர் ஒழுங்காக வளர்கிறதா, குட்டி போடுகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்குத் தோதான பிராணி நீர்த்தெள்ளு. கடுகளவுகூட இராது, தண்ணீருக்குள் தத்தித் தத்திப் போகும். மீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடுவார்கள்.

கல்லூரிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், நீர்த்தெள்ளு தாங்காது. அதனால் வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்து பஸ்ஸில் கொண்டுபோனேன். “ஊருபூரா டவுன்லேருந்து தண்ணிக் கேன் வாங்கிட்டு வருது, நீங்க இங்கிட்டிருந்து கொண்டு போறீங்களே?” என்று கண்டக்டர் கேட்டார். பூச்சிக்கு என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

முதல் சோதனையில் எஸ்டரை நேராகத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கினேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், எண்ணெய் மேலே வந்து படலமாக நின்றது. தீனி தேடி மேலே வந்த தெள்ளுகள் அந்தப் படலத்தில் ஓடு ஒட்டிப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. சில இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தன.

“நச்சுத்தன்மை இருக்குன்னு எழுதிரலாமே?” என்றார் மேடம்.

“இது நஞ்சால சாகலை மேடம். ஒட்டிக்கிட்டுச் செத்திருக்கு. நல்லெண்ணெய ஊத்தினாலும் இப்படித்தான் சாகும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரியுதும்மா. சீக்கிரம் ஏதாவது ஒரு முடிவு கையில இருந்தா நல்லதேன்னு பாத்தேன்.”

இரண்டாவது முறை எஸ்டரையும் தண்ணீரையும் மெதுவாகச் சுழலவிட்டு, பிறகு அசையாமல் தெளியவைத்து, எண்ணெய்க்குக் கீழே இருக்கும் தண்ணீரை மட்டும் குழாய் வழியே இறக்கினேன். கரைந்தது எவ்வளவோ அதுதான் அந்தத் தண்ணீரில் இருக்கும். அதைக் கிணற்றுத் தண்ணீரோடு வெவ்வேறு அளவில் கலந்த ஒவ்வொரு கண்ணாடி முகவையிலும் ஒரே ஒரு தெள்ளு; ஆண் துணையில்லாமலே அது குட்டி போடும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றி, பாசித் தீனி போட்டு, பிறந்த குட்டிகளைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்து எண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, நல்லது கெட்டது கிடையாது. நார்த்தாமலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் பாதிப் பந்தியில் எழுந்து வந்ததை அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

குட்டிகள் பிறக்கத் தொடங்கிய நேரம். ஒரு திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் தைலம் மாதிரி ஒரு வாசனை. எல்லா முகவையிலும் தெள்ளுகள் அடியில் கிடந்தன. எஸ்டரே சேர்க்காத, வெறும் கிணற்றுத் தண்ணீரில் இருந்தவையும் செத்திருந்தன. சுவரில் கொசு லிக்விட் மெஷின் சிவப்பு விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. அதே அறையில் நண்டு ஆய்வு செய்யும் சீனியர் அக்கா மாட்டியிருந்தார்.

“கொசு புடுங்குது, அதான் போட்டேன். ஒம் பூச்சி தண்ணிக்குள்ளதானே இருக்கு?” என்றார். அந்த மருந்தின் ஆவி தண்ணீரில் கலந்தாலே தெள்ளு தாங்காது. கத்த வேண்டும் போலிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

மூன்றாவது சோதனை முழுசாக முடிந்தது. பெரிய தெள்ளுகள் எதுவும் எஸ்டரால் சாகவில்லை. ஆனால் அதிகமாக எஸ்டர் கலந்த தண்ணீரில் குட்டிகள் குறைந்திருந்தன, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு. அந்த முகவைகளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோது பாசித் தீனி திரிதிரியாக ஒட்டி அடியில் படிந்திருந்தது. கரைந்த எஸ்டர் கருவைத் தாக்கியதா, தீனி கட்டிப்போனதால் தாய் பட்டினி கிடந்ததா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்படியே எழுதினேன்.

முதல் தடவை தெள்ளுகள் நஞ்சால் சாகாமல் படலத்தில் ஒட்டிச் செத்ததையும் சேர்த்து, மாமாவுக்குப் போனில் விளக்கினேன். “இப்பப் பூச்சி செத்துச்சா, இல்லையா?” என்றார்.

“சாகலை. ஆனா குட்டி கொறையுது மாமா. எதனாலன்னு இன்னும்…”

“சாகலைல? அது போதும் ஆத்தா.”

அடுத்த மாதம் ஆலங்குடி உரக்கடையில் அவருடைய கேனைப் பார்த்தேன். பச்சை லேபிளில், ‘நீர்வாழ் உயிர்களுக்கு முற்றிலும் பாதுகாப்பானது. கல்லூரி ஆய்வில் நிரூபணம்’ என்று போட்டிருந்தது. அங்கிருந்து நேரே ஆலைக்குப் போனேன்.

“நான் சொல்லாதத எதுக்கு மாமா போட்டீங்க?”

“ஒக்காரு ஆத்தா, டீ சாப்புடு. கேனோட கொண்டுபோயி யாரு கம்மாயில ஊத்தப் போறா?”

“ஊத்த வேணாம். மருந்தடிச்ச டேங்க எங்க கழுவுறாங்க? கம்மாக்கரையிலதானே? படலத்துல ஒட்டிச் சாகுறத நான் கண்ணால பாத்தேன்.”

“ஒட்டித்தானே செத்துச்சு, வெஷத்துல சாகலையே. நீதான சொன்ன!”

என்னுடைய வாக்கியத்தையே அவர் என் பக்கம் திருப்பிவிட்டார். செத்த பூச்சிக்கு அந்த வித்தியாசத்தால் என்ன பிரயோஜனம்? கடைசியில், “லேபிள மாத்தலைன்னா மேடத்துகிட்ட சொல்லி, அப்படி ஒரு முடிவு வரவே இல்லைன்னு கல்லூரியிலேருந்து எழுதி அனுப்பச் சொல்லுவேன்” என்றேன். மாமா என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். டீ ஆறிப்போயிருந்தது.

லேபிள் மாறியது. அந்த வரி போய்விட்டது. ‘டேங்கை நீர்நிலைகளில் கழுவாதீர்’ என்று புதிதாக ஒரு வரி, விலாசத்துக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும். பழைய லேபிளோடு போன கேன்கள் கடைகளில் விற்றுத் தீர்ந்தன. “ஒம் மகளப் படிக்க வச்சது எனக்கே வெனையாப்போச்சு” என்று அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா என்னிடம் அதை இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

இப்போது நான்காவது சோதனை நடக்கிறது. குட்டி குறைவது பட்டினியாலா எஸ்டராலா என்று பிரித்தறிய, இந்தமுறை தெள்ளுகளைக் கொஞ்ச நேரம் வேறு தண்ணீரில் விட்டுத் தீனி கொடுத்து, திரும்ப எஸ்டர் தண்ணீருக்கு மாற்றுகிறேன். மாற்றும்போது கைபட்டே சில சாகின்றன. “இதையும் ஒரு காரணமா எழுத வேண்டியிருக்கும்” என்கிறார் மேடம். எழுத வேண்டியதுதான்.